கால் படாத புல்

1

மைசூர் ஸ்டேஷனில் நான் வந்து இறங்கி இந்த ஆனியோடு பத்து வருஷம் நிறைகிறது. திண்டுக்கல்லில் மாதப் பத்திரிகை நடத்தும் என் பள்ளித் தோழர் கார்டு போட்டிருக்கிறார். "பர்மா போனவன் தன் கதையை எழுதிவிட்டான், மலேயா போனவன் எழுதிவிட்டான். உன்னுடையதுதான் பாக்கி" என்கிறார். மைசூர் ஒரு வெளிதேசமா என்று நீங்கள் சிரிக்கலாம். வேறு ராஜ்யம், வேறு பாஷை, வேறு மழை. பர்மா போனவனுக்குக் கப்பல் ஏறிய பெருமையாவது உண்டு. எனக்கு அதுவும் கிடையாது, வழியில் இரண்டு மூன்று தடவை வண்டி மாறியதோடு சரி.

இன்னொரு குறையும் உண்டு. நான் வேலை தேடி வந்தவன் அல்ல. என் மனைவி ஆரோக்கியத்துக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. நான் இரண்டு வயதுக் குழந்தையை ஒரு கையிலும் ட்ரங்குப் பெட்டியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தேன். "ஊர் உலகத்தில் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள். நம்ம சூசை போகிற அழகைப் பார்" என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வந்த இரண்டாவது மாதம் எனக்கும் வேலை கிடைத்தது. மலையடிவாரத்தில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் மேஸ்திரி வேலை. இதை ஊருக்கு எழுதியதும் என் மச்சான் பதில் போட்டார். "நாங்கள் புல்லைப் பிடுங்கிப் போடக் கூலி கொடுக்கிறோம். அங்கே புல்லை வளர்க்கக் கூலி கொடுக்கிறார்களா? விசாரித்து எழுதவும், நானும் வருகிறேன்" என்று எழுதியிருந்தார்.

2

கோல்ஃப் என்றால் இதுதான்: பெரிய மனிதர்கள் ஒரு சின்னப் பந்தைத் தடியால் அடித்து, அதன் பின்னாலேயே மைல் கணக்கில் நடந்து, தூரத்தில் இருக்கும் குழியில் விழவைப்பார்கள். விழுந்ததும் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போவார்கள். குழியைச் சுற்றியுள்ள வட்டம் பந்து சீராக உருளும்படி இருக்க வேண்டும். கொடைக்கானலில் அந்த வட்டம் புல். அங்கே வெள்ளைக்காரர்கள் ஆடிய மைதானத்தில் ஆறு வருஷம் நான் புல்லோடு புல்லாகக் கிடந்தவன். அந்தத் தைரியத்தில்தான் இந்த வேலையைக் கேட்டேன்.

இங்கே வந்து பார்த்தால் வட்டத்தில் புல்லே இல்லை. மோட்டாரில் ஓடிக் கழிந்த எண்ணெயை மணலோடு பிசைந்து, பரப்பி, உருளையால் அழுத்தி வைத்திருந்தார்கள். அதற்குப் 'பிரௌன்' என்று பெயர். ஒவ்வொருவர் அடிக்கும் முன்னும் ஒரு ஆள் பலகையை இழுத்துக் காலடித் தடங்களை அழிக்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. புல் வளர்க்க வந்தவனை எண்ணெய் பிசையச் சொன்னால் எப்படி இருக்கும்?

இங்கத்திய வருஷம் நம் வருஷம் மாதிரி இல்லை. மாசி பங்குனியில் மைதானம் முழுக்கச் சாக்கு நிறத்தில் காய்ந்து கிடக்கும். அப்போது என் வேலை பீடி குடிக்கிறவர்களைத் துரத்துவது. சித்திரையில் மாங்காய் மழை ஒன்று அடிக்கும். ஐப்பசி மழைக்குப் பழகிய நமக்கு இங்கே ஆனியிலேயே தொடங்கிவிடும் சாரல் புதுசு. அது கொட்டாது, நாள் முழுக்கச் சிணுங்கும். அந்த ஈரத்தில் புல் நட வேண்டும், கோரை பிடுங்க வேண்டும். கோரைக்கு இயந்திரம் கிடையாது. பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்கோடு கெல்லி எடுப்பார்கள், ஒரு கிழங்கு உள்ளே தங்கினாலும் பத்து கிளம்பும்.

ஆவணியில் புல் அறுப்பு. ஒரு ஜோடி மாடு அறுக்கிற இயந்திரத்தை இழுக்கும். குளம்பு தரையில் பதியக் கூடாது என்று மாட்டுக்கு நான்கு காலிலும் தோல் செருப்பு மாட்டுவோம். இதையும் மச்சானுக்கு எழுதினேன். "இங்கே எனக்கே செருப்பில்லை" என்று பதில் வந்தது. மார்கழியில் விடியும் முன் போய், நீள மூங்கில் குச்சியால் புல்லின் மேல் தட்டித் தட்டிப் பனியையும் மண்புழு கக்கிய மண்ணையும் உதிர்க்க வேண்டும். இப்படியே ஏழு வருஷம் ஓடியது. ஏழு வருஷமும் நான் தற்காலிகம்தான்.

ஏழாவது வருஷம் க்ளப்புக்குப் புது செக்ரட்டரி வந்தார், பட்டாளத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் எண்ணெய் மணல் மட்டும் நமக்கு எதற்கு? புல் போட முடியுமா, சூசை?" என்று கேட்டார். முடியும் என்றேன். கமிட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் க்ளப் கட்டடத்துக்கு எதிரே இருக்கிற ஒரே ஒரு வட்டத்தை மட்டும் என்னிடம் விட்டார்கள். தசராவுக்கு விருந்தாளிகள் வந்து ஆடுவார்கள், அதற்குள் புல் பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் பழையபடி மணல். தற்காலிக மேஸ்திரியின் கதி என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாதாரண அருகம்புல் இதற்கு உதவாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில், ஆடு மேய்ந்து மேய்ந்து தரையோடு ஒட்டிப்போன ஒரு ஜாதி அருகைக் கண்டுபிடித்தேன். இலை மெலிசு, கணு நெருக்கம், நிறத்தில் கொஞ்சம் கருமை. சாக்கு சாக்காகக் கொண்டுவந்து, சலித்த மண்ணில் விரல் விரலாக நட்டோம். சுற்றி முள்வேலி போட்டோம். கால் வைக்காதே என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பலகை மாட்டினேன். ஈ எறும்பு கூட அதில் கால் வைக்காது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

3

விரல் விரலாக நட்டது நான் இல்லை, மாதம்மாவும் அவளுடைய வரிசைப் பெண்களும். மாதம்மாவுக்குக் கொள்ளேகாலுக்கு அப்பால் ஹனூர்ப் பக்கம். மாதேஸ்வரன் மலைச் சாமியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நான் சேர்ந்த அதே வருஷம் அவளும் களை எடுக்கச் சேர்ந்தாள். ஒரு வார்த்தை கன்னடம் தெரியாமல் நான் மைதானத்தில் முழித்துக்கொண்டு நின்ற முதல் நாள், "ஏனுங், எந்த ஊருங் நீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ் போல இருந்தது. அன்றைக்கு அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் சாயங்கால ரயிலுக்கே ஊர் திரும்பியிருப்பேன்.

அப்போது கொள்ளேகால் சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஆபீஸ் பாரத்தில் 'பிறந்த ராஜ்யம்' என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் சென்னை என்றே எழுதினார்கள். "நீங்கள் இருவரும் வெளியாட்கள்" என்று குமாஸ்தா எங்களை ஒரே கட்டாகக் கட்டி வைத்தார். பிற்பாடு எல்லைகளை மாற்றி வரைந்தபோது கொள்ளேகால் மைசூரோடு சேர்ந்துவிட்டது. மாதம்மா இருந்த இடத்தில் இருந்துகொண்டே உள்ளூர்க்காரி ஆனாள். நான் இன்னும் வெளியாள்தான்.

தினக்கூலிகளுக்கு ஒரு விதி இருந்தது. இடைவெளி இல்லாமல் எட்டு வருஷம் வேலை செய்தவருக்கு நிரந்தரப் பட்டியலில் இடமும், மைதானத்துக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட லைன் வீட்டில் ஓர் அறையும் கிடைக்கும். மாதம்மாவும் அவள் தங்கையும் ஓடைக்கரையில் ஒரு குடிசையில் இருந்தார்கள். சாரல் தொடங்கினால் ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அடுப்பைக் கல்லின் மேல் தூக்கி வைத்துச் சமைப்பார்கள். அந்த அறைக்கு அவளுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. காலி அறை எது, எந்தப் பக்கம் ஜன்னல் என்று கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

4

என் மகள் ஸ்டெல்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அவளுக்கு ஒன்பது வயது. தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். தமிழ் எழுத்தோ சுத்தமாகத் தெரியாது. ஒரு தடவை என் மாமனாருக்குக் கடிதம் எழுதச் சொன்னோம். தமிழ் வாசகத்தை எல்லாம் கன்னட எழுத்தில் எழுதி, எங்களுக்குக் காட்டாமல் தபாலில் போட்டுவிட்டாள். மாமனார் அதைத் திண்டுக்கல்லில் உடுப்பி ஹோட்டல் முதலாளியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். கல்லாவில் இருந்தபடி அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க, மாமனார் நின்றுகொண்டே கேட்டாராம். பேத்தி சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்ததாம், எந்த தேசத்தில் இருக்கிறாள் என்றுதான் சந்தேகமாம். மாமனார் எழுதிய இதைப் படித்துவிட்டு ஆரோக்கியம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்து வீடு ஒரு கன்னடப் பள்ளிக்கூட வாத்தியார் வீடு. அவர் மகள் ரத்னாவும் இவளும் ஒரே வகுப்பு. ஆரோக்கியம் இரவு டியூட்டிக்குப் போகும் வாரங்களில் ஸ்டெல்லாவுக்குத் தலை பின்னுவதும் சோறு போடுவதும் வாத்தியார் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் தோளில் சாய்ந்து தூங்குகிறவள், கணேசர் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாள் எண்ணுவாள். கண்டிக்க வேண்டும் என்று நினைப்பேன். ஆனால் எந்த முகத்தோடு கண்டிப்பது, அந்த வீட்டுச் சோற்றைத் தின்று வளர்கிற பிள்ளையை?

5

அந்த வருஷம் ஆவணிக் கடைசியில் பண்டிகை வந்தது. இங்கே முதல் நாள் கௌரி, மறுநாள் கணேசர். கௌரிப் பண்டிகையன்று மத்தியானம் வேலை முடிகிற நேரம் மாதம்மா என்னிடம் வந்தாள். எங்கள் வட்டத்தில் புல் ஒன்றோடொன்று கைகோத்துத் தரையை மூடத் தொடங்கியிருந்த சமயம்.

"ஏனுங் மேஸ்திரி, நாளைக்குப் புள்ளாருக்கு இதுல நாலு அருகு கிள்ளிக்கட்டுங்களா?"

"மைதானம் பூரா அருகுதான கெடக்கு. அங்க போய்க் கிள்ளு."

"அதையெல்லாம் மாடு மிதிச்சிருக்குது, நாய் படுத்திருக்குதுங். சாமிக்குக் கால் பட்டது ஆகாதுங்களே. இந்த ஊருக்குள்ள கால் படாத அருகுன்னா இது ஒண்ணுதானுங்."

"இதுல கைய வச்சா உன் பேர அடிச்சுப்புடுவேன், பாத்துக்க" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது வட்டத்தில் பாதி இல்லை. அந்தப் பாதி முழுக்க நுனி கிள்ளப்பட்டிருந்தது. சில இடங்களில் வேரோடு வந்ததை யாரோ அவசரமாகத் திரும்பச் செருகி, மண்ணை அழுத்திவிட்டிருந்தார்கள். முள்வேலியில் ஒரு மூலை திறந்து மூடப்பட்டிருந்தது. உள்ளே ஒரு களைக்கொத்து கிடந்தது. பிடியில் சிவப்புத் துணி சுற்றிய கொத்து, மாதம்மாவுடையது. எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அன்றைக்கு அது தலைக்கே ஏறிவிட்டது. தசராவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற முறை என்பதால் பண்டிகை நாளிலும் அவள் வந்தாள். தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டி, பூ வைத்திருந்தாள்.

"இது யாருது?"

"என்துதானுங்."

"நுனியக் கிள்ளினது யாரு?"

"நான் கிள்ளலீங்."

"பின்ன யாரு? உன் கொத்து தானா நடந்து வந்துச்சா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். திருடின முழி என்று நான் நினைத்தேன். ஆஜர் புத்தகத்தை வாங்கி, எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், புல் திருடியதற்காக நீக்கப்பட்டாள் என்று சிவப்பு மையில் எழுதி அவள் பெயரை அடித்தேன். மாட்டுக்காரரும் குமாஸ்தாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குமாஸ்தா அப்போதே புத்தகத்தை சைக்கிளில் எடுத்துப் போய் மேஜர் வீட்டில் கையெழுத்து வாங்கிவந்துவிட்டார். எந்தக் காகிதத்தையும் ஒரு வாரம் ஊறப்போடுகிற மனுஷன், அன்றைக்கு மட்டும் பறந்தார். மாதம்மா களைக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

6

மத்தியானம் வாத்தியார் மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டார். பண்டிகையன்று எங்களைக் கூப்பிடாமல் அவர்கள் இலை போடுவதில்லை. மனசே இல்லாமல் போனேன். கூடத்தில் களிமண் பிள்ளையார், வாழைக் கன்று, மாவிலை எல்லாம் இருந்தது. பிள்ளையார் தலையிலும் மடியிலும் காலடியிலும் அருகம்புல்லைக் குவித்திருந்தார்கள்.

இலை மெலிசு. கணு நெருக்கம். நிறத்தில் கொஞ்சம் கருமை.

கிட்டே போய்ப் பார்த்தேன். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? ஜெபமாலையை விட்டு வேறொன்றைத் தொட்டுக் கும்பிடாத நான், பிள்ளையார் முன் குனிந்து கண் கொட்டாமல் நின்றேன். "நோடி, எஷ்டு பக்தி!" என்று வாத்தியார் என் பக்தியைத் தம் மனைவியிடம் மெச்சிக்கொண்டார். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய்க் கன்னடத்தில் என்னிடம் சொன்னார்: "இந்த வருஷம் கிடைத்த கரிகெப் புல் போல நான் பார்த்ததே இல்லை. எல்லாம் மூன்று இலை, ஒன்றில்கூட மண் இல்லை. உங்கள் ஸ்டெல்லாவும் எங்கள் ரத்னாவும் நேற்றுச் சாயங்காலம் கொண்டுவந்தார்கள். தெருவுக்கே கொடுத்தோம்." கையில் கொடுத்த கடுபு என்கிற கொழுக்கட்டை என் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். ஆரோக்கியம் அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"திருடலப்பா. யாரும் துளிதிருக்கிற புல்லு தேவருக்கு ஆகாதுன்னு ரத்னா அம்மா சொன்னாங்க. நீதான சொன்ன, உன் புல்லுல எறும்பு கூட கால் வெக்காதுன்னு? அதுக்கே போனோம். நுனிய மட்டும்தான் கிள்ளினோம். கொஞ்சம் பேரோட வந்திடுச்சு."

துளிப்பது என்றால் மிதிப்பது, தேவர் என்றால் சாமி. வேரைப் பேர் என்கிறாள். திருத்துகிற நிலையில் நான் இல்லை. கையை ஓங்கிவிட்டேன். ஓங்கின கையோடு கேட்டேன்: "யாராச்சும் பாத்தாங்களா?"

"மாதம்மா பாத்தாங்க. 'ஐயோ கண்ணு, ஓடிப் போயிடு, உங்கப்பன் பாத்தா கொன்னுபோடுவாரு'ன்னாங்க. கிளம்பி வந்ததை எல்லாம் அவங்களே நட்டாங்க."

கை தானாக இறங்கிவிட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையில் நடந்ததைச் சொன்னேன். ஆரோக்கியம் கழற்றிய ஷூவைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். அவள் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இவளுக்கு என்ன செய்யணும்னு நான் பாத்துக்குறேன். நீங்க மொதல்ல அந்தப் பொம்பளையப் போய்ப் பாருங்க" என்றாள்.

7

ஓடைக்கரைக்குப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடிசைக்குள் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அக்காளும் தங்கையும் கட்டில்மேல் காலைத் தூக்கி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மாதம்மா எழுந்திருக்கவில்லை. ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"மாதம்மா, தப்புப் பண்ணிட்டேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்? போன வருஷம் தண்ணி எறைக்க மறந்தான்னு வேலைக்கு வந்த பையன கன்னம் வீங்க அடிச்சீங்க. புள்ளெ சின்னது, தாங்காதுங். நான் தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே தண்ணீரில் இறங்கினேன்.

"நாலு நாளு திட்டுவாரு, அப்பறம் கூப்புடுவாருன்னு நெனச்சேனுங். சிவப்பு மையில எழுதுனா அம்புட்டும் போயிரும்னு எனக்கென்ன தெரியும்? குமாஸ்தா வழியில சைக்கிள நிறுத்திச் சொன்னாரு. ஏழு வருசமும் போச்சாமே. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனோ என்னவோ." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நெசமாலுமே போச்சுங்களா?"

தெரியவில்லை என்றேன். மாற்றிவிடுகிறேன் என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

8

மறுநாள் மேஜரிடம் போய் முழுவதையும் சொன்னேன். மகள் செய்தது, நான் விசாரிக்காமல் எழுதியது எல்லாம். அவர் கோபப்படவில்லை. "எழுத்தில் கொடு" என்றார். வாத்தியாரைப் பிடித்து இங்கிலீஷில் மனு எழுதினேன். தம் வீட்டுப் பிள்ளையார் தலையில் இருந்த புல்லின் கதையைத் தம் கையாலேயே எழுத வேண்டி வந்ததில் அந்த மனுஷருக்கு ஏற்பட்ட சங்கடம் தனி. மேஜர் அன்றைக்கே மாதம்மாவை வேலைக்கு எடுத்துவிட்டார். ஆனால் புத்தகத்தில் அவள் பெயரைப் புதுசாக, கடைசி வரியில்தான் எழுத முடியும் என்றார் குமாஸ்தா. காரணத்தோடு நீக்கப்பட்டு, செக்ரட்டரி கையெழுத்தும் விழுந்த பிறகு பழைய வரிக்குத் திரும்ப வழியில்லையாம். கமிட்டிதான் பார்க்க வேண்டும், கமிட்டி தசரா முடிந்துதான் கூடும்.

நடுவில் ஒன்று நடந்தது. கிள்ளிய புல் செத்துவிடும் என்று நான் பயந்தேன். சாகவில்லை. நுனி போனதும் மேலே போகாமல் பக்கத்தில் கிளைவிட்டுப் படர்ந்தது. கிள்ளாத பாதியைவிடக் கிள்ளின பாதி அடர்த்தியாக வந்தது. மூன்றாவது வாரம் மிச்சப் பாதியையும் நாங்களே கிள்ளினோம். மாதம்மாதான் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து கிள்ளினாள். என்னோடு அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தசராவுக்கு வந்தவர்கள் அந்த வட்டத்தில் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, எந்த ஊரிலிருந்து ஆளை வரவழைத்தீர்கள் என்று கேட்டார்களாம். மேஜர் என் முதுகில் தட்டினார். "இது நான் கண்டுபிடித்ததில்லை, ஸார். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரு பிள்ளையாரும்" என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

கமிட்டி கூடியது. ஒரே கூட்டத்தில் இரண்டு காகிதங்களும் போயின. புல் பிடித்ததற்காக மேஸ்திரி சூசையை நிரந்தரமாக்குவது ஒன்று. மாதம்மாவின் ஏழு வருஷத்தைத் திரும்பச் சேர்ப்பது மற்றொன்று. முதலாவது ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டாவதற்கு முன்மாதிரி இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். நான் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்னுடையதை எடுத்து அவளுக்குக் கொடுங்கள், எனக்கு வேண்டாம் என்றேன். அவர்கள் நல்லவர்கள்தான். ஒருவர் என்னை உட்காரச் சொன்னார். "இது என்ன சட்டையாப்பா, ஒருவர் கழற்றி ஒருவர் போட்டுக்கொள்ள?" என்று அன்பாகவே கேட்டார். மறுவருஷமும் மனுப் போட்டேன், அதற்கடுத்த வருஷமும் போட்டேன். அதே பதில், தேதிதான் வேறு. இனிமேலும் போடுவேன்.

9

கூட்டம் முடிந்த அன்றைக்கே மாதம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. யாரையாவது விட்டுச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆரோக்கியம் விடவில்லை. மாதம்மா வேலியோரம் தனியாகக் கோரை கெல்லிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன். கமிட்டி மறுத்துவிட்டது என்று சொன்னேன். எனக்கு நிரந்தரம் கிடைத்ததையும் மறைக்காமல் சொன்னேன்.

அவள் கொத்தை நிறுத்தவில்லை. ஒரு கிழங்கை முழுசாக எடுத்து, மண்ணை உதறி, கூடையில் போட்டாள்.

"அப்ப இன்னும் எட்டு வருசமுங்களா?"

"ஆமா."

"அந்த ஜன்னல் வெச்ச அறை வேற யாருக்காச்சும் போயிருமுங்."

"போயிடும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், என்னுடையதை அவள் பார்க்க வேண்டாம் என்று திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் களை எடுத்தோம். இந்த மேஸ்திரி வேலையில் அன்றைக்குத்தான் நான் களையெடுக்கும் பெண்களைப் போலக் குந்திக் கோரை பிடுங்கியது.

"ஸ்டெல்லா உன்னப் பாக்கணும்னு தினமும் அழுவுது. பயந்துக்கிட்டு வரமாட்டேங்குது" என்றேன்.

"வரச் சொல்லுங். பயம் எதுக்கு? அது சாமிக்குன்னு கிள்ளுச்சு. அதை அன்னைக்கே மன்னிச்சாச்சு."

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

"என்னைய?"

அவள் கொத்தைத் தரையில் ஊன்றி, பண்டிகைக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"உங்கள இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறனுங்" என்றாள்.